தாத்தாவின் பெட்டிகளும் ஒரு கோப்பி ஓ கோசோங்கும்

காராங்குனிக்காரரின் ஹார்ன் சத்தம் எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும். தோ பாயோ வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கத்தைக் கலைக்கும் அந்தச் சத்தம் கேட்டதும், தாத்தா பழைய செய்தித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். கிடைக்கும் சில்லறை எனக்கு.

சில மாதங்களுக்கு முன்பு அதே சத்தம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாத்தா 88 வயதில் தவறி நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டை விற்றாயிற்று. மூன்று வாரத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். வானொலியில் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான் வந்து சேர்ந்தபோது, காராங்குனிக்காரர் நான்காவது பெட்டியை மின்தூக்கி நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அதுல என்ன?”

“தாத்தா புத்தகம்தான். இனிமே யாரு படிக்கப் போறா? நீ படிப்பியா?”

நான் அந்தப் பெட்டியைப் பிடித்து நிறுத்தினேனே தவிர, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வானொலியில் தமிழ் பேசித்தான் எனக்குச் சம்பளம். ஆனால் கடைசியாக எப்போது ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று யோசித்தால், நினைவுக்கு வரவில்லை. முதல் மூன்று பெட்டிகள் அதற்குள் கீழே போய்விட்டன. அம்மாவின் கையில் நான்கு வெள்ளி இருந்தது.

மிச்சம் எட்டுப் பெட்டிகள். உட்கார்ந்து எண்ணினேன். 246 புத்தகங்கள். என் வீட்டில் ஓர் அறையை வைத்துக்கொண்டு அத்தனையையும் அடுக்க வழியில்லை. “யாராவது பழைய புத்தகக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்” என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லிவிட்டு, இருபது புத்தகங்களைச் சக்கரம் வைத்த காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடுத்த மூன்று வார இறுதிகள் அப்படித்தான் கழிந்தன. ஊரின் பழைய புத்தகக் கடைகளையும் காப்பிக்கடைகளையும் நான் ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தது அப்போதுதான்.

ஈர அரிசிச் சாலை

சிங்கப்பூரில் பழைய புத்தகம் என்றால் முதலில் வாயில் வருவது பிராஸ் பசா. மலாய் மொழியில் ‘பெராஸ் பசா’ என்றால் ஈர அரிசி. ஓடைக்கரையில் நனைந்த அரிசியைக் காயவைத்ததால் வந்த பெயர் என்பார்கள். தாத்தா காலத்தில் அந்தச் சாலையோரம் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. பள்ளி ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை விற்றுவிட்டு, அடுத்த வகுப்புக்கானதை அங்கேயே வாங்கிக்கொண்டு போவார்களாம். சில கடைகளை நம்மூர் முஸ்லிம்கள் நடத்தினார்கள், தமிழிலேயே பேரம் பேசலாம் என்று தாத்தா சொல்வார்.

சாலை மாறியது. 1980ல் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் எழுந்தது. மேலே வீவக வீடுகள், கீழே கடைகள். சீனர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் ‘புத்தக நகரம்’. இன்றும் அந்தப் பெயர் பொருத்தமே. பாப்புலர் கடை பல மாடிகளில் இருக்கிறது. மேல்மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸில் ஓவியம், கட்டடக்கலை, வடிவமைப்புப் புத்தகங்கள். சீனப் புத்தகக் கடைகள், தூரிகை விற்கும் கடைகள், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள். இவற்றுக்கு நடுவே, நடைபாதை வரைக்கும் புத்தக அடுக்குகள் வழிந்து நிற்கும் பழைய புத்தகக் கடைகள்.

இதுவரை போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரமாகப் போகாதீர்கள். இங்கே புத்தகங்கள் கணினிப் பட்டியல்படி அடுக்கியிருக்காது. கடைக்காரரின் மண்டைக்குள்தான் பட்டியல். முதல் பக்க மூலையில் பென்சிலில் விலை எழுதியிருக்கும். முதுகுப் பக்கத்தை மட்டும் பார்த்து வாங்காமல் நடுவில் பிரித்துப் பாருங்கள். பூச்சி அரித்த துளை தெரிந்தால் வைத்துவிடுங்கள், வீட்டிலிருக்கும் மற்றப் புத்தகங்களுக்கும் அது பரவும். பூஞ்சை வாடை வந்தாலும் அப்படியே. எங்கள் ஊர் ஈரக்காற்றில் காகிதம் பிழைத்திருப்பதே பெரிய காரியம்.

முதல் கடையில் நான் பையைத் திறப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. “தமிழா? வேண்டாம்.” இரண்டாவது கடையில் கொஞ்சம் தயங்கி, “மலாய் இருந்தால் கொண்டு வா.” மூன்றாவது கடையில் எழுபது வயதைத் தாண்டிய சீன அங்கிள் ஒருவர் மட்டும் ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். எழுத்து தெரியாவிட்டாலும் தாளைத் தடவினார், தையலைப் பார்த்தார்.

“நன்றாக வைத்திருந்திருக்கிறார், கேர்ள்,” என்றார். “பழைய ரோட்டில் எங்கள் அப்பா கடைக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை இருந்தது. தமிழ், மலாய், இங்கிலீஷ், எல்லாம் வைத்திருப்பார். துறைமுகத்து ஆட்கள் சம்பள நாளில் வந்து தமிழ்ப் புத்தகம் வாங்குவார்கள். இப்போது என் கடைக்கு வந்து தமிழ்ப் புத்தகம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? நான் இதை அடுக்கில் வைத்தால், யார் வருவார்?”

எனக்குக் கோபம் வரவில்லை. வரவும் கூடாது. அவருக்கு ஒவ்வோர் அடியும் வாடகை. நானே போய்க் கேட்காத ஒன்றை அவர் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

தாத்தா குடித்த காப்பி

கால் வலித்தது. குவீன் ஸ்திரீட்டில் உள்ள ஆல்பர்ட் சென்டர் உணவங்காடி நிலையத்துக்கு நடந்தேன். வாரக் கடைசியில் மேசை கிடைப்பது அபூர்வம். பையை நாற்காலியில் வைத்து ‘சோப்’ போட்டுவிட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வாயிலிருந்து தானாக வந்தது: “கோப்பி ஓ கோசோங்.”

நான் குடிப்பது அதுவல்ல. அது தாத்தாவுடையது.

நம்மூர்க் காப்பி ஆர்டரில் ஒரு மனிதரின் மருத்துவ அறிக்கையே இருக்கிறது. வாலிபத்தில் தாத்தா குடித்தது வெறும் ‘கோப்பி’. அதாவது கெட்டிப்பால் ஊற்றியது. ஐம்பது வயதில் பாட்டியின் மிரட்டலால் ‘கோப்பி சியூ டாய்’, இனிப்பு குறைவு. சர்க்கரை நோய் உறுதியானதும் ‘கோப்பி சி கோசோங்’. ‘சி’ என்றால் சர்க்கரை சேர்க்காத எவாப்பரேட்டட் பால், ‘கோசோங்’ என்றால் மலாயில் காலி, சர்க்கரை கிடையாது. கடைசி ஆண்டுகளில் பாலும் ஒத்துக்கொள்ளாமல் ‘கோப்பி ஓ கோசோங்’. ‘ஓ’ என்றால் ஹொக்கியன் மொழியில் கறுப்பு. ஹொக்கியன், மலாய் என்று ஒரே கோப்பைக்குள் பல பாஷை. தாத்தாவுக்குச் சீனத்தில் வேறெதுவும் தெரியாது. ஆனால் காப்பிக்கடையில் அவரைச் சீனர் என்றே நினைப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் காப்பிக்கடைகளின் பெரும்பகுதியை வளர்த்தவர்கள் ஹைனானியர்கள். மற்றச் சீனர்களுக்குப் பிறகு தாமதமாக வந்து சேர்ந்ததால், நல்ல தொழில்கள் கைமாறிவிட்டிருந்தன. பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் சமையல்காரர்கள் ஆனார்கள். அங்கே கற்ற காப்பியையும் ரொட்டியையும் பிறகு தங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கில்லினி சாலைக் கடை 1919லும், யா குன் 1944லும் தொடங்கியவை. கசப்பான ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரியாக வறுப்பார்கள். பொடியை நீளமான துணிப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, நீண்ட மூக்குக் கெண்டிகளில் மாற்றி மாற்றி வடிப்பார்கள். மலிவான கொட்டையை ருசியாக்கக் கண்டுபிடித்த உபாயம், ஊரின் அடையாளமாகிவிட்டது. 2020ல் நமது உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது நானே நிகழ்ச்சியில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

கறுப்புக் காப்பி நாக்கில் கரியாகக் கசந்தது. இதை எப்படித் தினமும் குடித்தார்? குடித்துக்கொண்டே பையிலிருந்து கைக்கு வந்த புத்தகத்தை எடுத்தேன். மு.வ.வின் ‘அகல் விளக்கு’. முதல் பக்கத்தைத் திறந்ததும் காப்பியை மறந்துவிட்டேன்.

மூன்று பேருடைய கையெழுத்து. மேலே நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், ‘ஜொகூர், 1961’. கீழே பச்சை மையில் ஓர் ஆணின் பெயர், ‘நேவல் பேஸ், 1966’. அதற்கும் கீழே தாத்தாவின் உருண்டை எழுத்து: ‘பிராஸ் பசா ரோடு, 12-8-1969. 80 காசு.’

தாத்தா வாங்கியதே பழைய புத்தகம்தான். அவசரமாக மற்றவற்றையும் புரட்டினேன். இருபதில் பதின்மூன்றில் தாத்தாவுக்கு முன்னால் வேறொருவர் பெயர். அந்தப் புத்தகங்கள் தோட்டத்திலிருந்து கடற்படைத் தளத்துக்கும், அங்கிருந்து கடைக்கும், கடையிலிருந்து தாத்தாவுக்கும் கைமாறி வந்திருக்கின்றன. 1955ல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியபோது தன்னிடம் ஒரு தகரப்பெட்டியும் இரண்டு வேட்டியும்தான் இருந்தன என்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு எழுத்தராக உயர்ந்த ஒருவர் எட்டணா எட்டணாவாக இத்தனை புத்தகம் சேர்க்க முடிந்தது, ஊரில் அப்போது பழைய தமிழ்ப் புத்தகம் சுற்றிக்கொண்டிருந்ததால்தான்.

அந்தச் சுற்று எங்கள் வீட்டு மின்தூக்கி வாசலில் வந்து நின்றிருக்கிறது.

எழுத்து அழகாக இருக்கிறதாம்

அடுத்த சனிக்கிழமை வேறு மாதிரிக் கடைகளுக்குப் போனேன். இப்போது இளையர்கள் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. பழைய புத்தகமும் உண்டு, நல்ல காப்பியும் உண்டு. எத்தியோப்பியக் கொட்டையா, கொலம்பியக் கொட்டையா என்று கேட்டுப் போட்டுத் தருவார்கள். ஒரு கோப்பை ஆறரை வெள்ளி. உணவங்காடியில் அதற்கு நாலு காப்பி குடிக்கலாம். ஆனால் குளிர்சாதனம் உண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கோப்பையை எடுத்துக்கொண்டு விரட்டமாட்டார்கள். வாசிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்படி ஒரு கடையில் முதல்முறையாக, “எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்” என்று ஓர் இளைஞர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “246 இருக்கு,” என்றேன். “பரவாயில்லை. அந்தச் சுவர் முழுக்க வைக்கலாம். எழுத்து வட்டம் வட்டமாக ரொம்ப அழகு. படம் எடுத்தால் நன்றாக வரும்.”

நல்ல பிள்ளை. கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தூக்கிப் போடுவதை விடச் சுவரில் இருப்பது மேல் அல்லவா என்று என் மனம் கணக்குப் போட்டது. ஆனால் அந்தச் சுவரில் ஏற்கனவே இருந்த புத்தகங்களைப் பார்த்தேன். நிறவாரியாக அடுக்கியிருந்தார்கள். எட்டாத உயரம். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று மாலை தேசிய நூலகத்துக்குப் போனேன். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த செங்கல் நூலகம் 2004ல் மூடப்பட்டு, இப்போதைய விக்டோரியா ஸ்திரீட் கட்டடம் 2005ல் திறந்தது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் பெட்டிகளில் சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களின் புத்தகங்கள் 31 இருந்தன. புதுமைதாசன், இளங்கண்ணன், நா. கோவிந்தசாமி. சில, ஆசிரியரே சொந்தக் காசில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. என் பயமெல்லாம் அவற்றைப் பற்றித்தான். நூலகப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடினேன். பெரும்பாலானவை இருந்தன. 2015ல் சமூகத் தன்னார்வலர்களும் நூலக வாரியமும் சேர்ந்து, ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவமாக்கியதில் சிலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அதில் எனக்குப் பெரிய நிம்மதி. நான் காப்பாற்றாவிட்டாலும் அந்த எழுத்து அழியாது. ஆனால் முன்பதிவு செய்து கண்ணாடி அறைக்குள் பார்க்கிற புத்தகம் வேறு, சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேருந்தில் படிக்கிற புத்தகம் வேறு. தாத்தா படித்தது இரண்டாவது வகை.

பக்கத்து மேசை

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் சாலை. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழர் இருக்கும் இடத்துக்கு முதலிலேயே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். பழைய புத்தகம் என்றால் பழைய புத்தகக் கடைதான் என்று என் புத்தி முடிவு கட்டிவிட்டிருந்தது.

நான் கேட்ட ஒன்றிரண்டு கடைகளில் புதுப் புத்தகம்தான் உண்டு, பழையது எடுப்பதில்லை என்றார்கள். சோர்ந்துபோய் ஒரு சைவ உணவகத்தில் உட்கார்ந்து ஃபில்டர் காப்பி சொன்னேன். இந்த வட்டாரத்தில் காப்பிக்கு வேறு இலக்கணம். இங்கே 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது. துணிப்பைக்குப் பதில் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன், கெட்டிப்பாலுக்குப் பதில் காய்ச்சிய பால், கோப்பைக்குப் பதில் டபரா, டம்ளர். ஒரு ரயில் நிறுத்தத் தூரத்துக்குள் நம் ஊரில் காப்பியே இரண்டு பாஷை பேசுகிறது.

பையிலிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கட்டுமான வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது.

“அக்கா, அது அகல் விளக்கா?”

“ஆமா தம்பி.”

“காலேஜ்ல எங்களுக்குப் பாடமா வந்துச்சு. கொஞ்சம் பார்த்துட்டுத் தரட்டா?”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். தமிழ் இலக்கியம் பட்டப்படிப்பு. இரண்டரை ஆண்டாகக் கம்பி கட்டும் வேலை. முதல் பக்கத்தில் இருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தார். “1961… யப்பா.” பிறகு தலை நிமிராமல் படிக்க ஆரம்பித்துவிட்டார். என் காப்பி ஆறும்வரை அவர் பேசவேயில்லை.

தங்குவிடுதியில் அவர் அறையில் பன்னிரண்டு பேராம். கைப்பேசியில் படிப்பார்கள், ஆனால் படுத்துக்கொண்டு புரட்டப் புத்தகம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எத்தனை வேண்டும் என்று கேட்டேன். கூச்சப்பட்டு, “ஒண்ணு போதும்க்கா,” என்றார். ஆறு கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: படித்து முடித்தவர் முதல் பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாதமும் அதே இடத்தில் சந்தித்தோம். இந்த முறை அவருடன் நண்பர்கள் மூவர், காலிப் பையோடு. அம்மாவும் வந்திருந்தார். “ரெண்டு பெட்டி காரில் இருக்கு, வந்து தூக்கிக்கோங்கப்பா,” என்று அவரே சொன்னார். அந்த நான்கு வெள்ளியை அவர் இன்னும் செலவழிக்கவில்லை; பூஜை அறையில் தாத்தா படத்துக்கு முன்னால் இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்றைய நிலவரம்: எட்டுப் பெட்டிகளில் ஐந்து போய்விட்டன. ஒரு பெட்டி எங்கள் வானொலி நிலையத்தின் சிற்றுண்டி அறையில், தேநீர்ப் பைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து நான் முதலில் எடுத்துப் படித்ததற்கு என் பெயரும் எழுதியாயிற்று. ஒரு பெட்டி என் வீட்டில், அந்த 31 புத்தகங்களோடு. இன்னொன்று யாருக்கு என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கலாம். அதன் சொந்தக்காரர் இன்னும் உங்களோடு இருந்தால், இந்த வாரம் அவரைக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போய், எந்தப் புத்தகத்தை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. காராங்குனி வண்டியில் போன மூன்று பெட்டிகளில் என்ன இருந்தது என்று எனக்கு இனி யாரும் சொல்லப் போவதில்லை.

போன வாரம் புதுக்கோட்டைத் தம்பியிடமிருந்து தகவல் வந்தது. குரலில் சங்கடம். “அக்கா, மன்னிச்சுக்கங்க. அகல் விளக்கு காணாம போச்சு. ரூம்ல ஒருத்தர் வேலை முடிஞ்சு ஊருக்குப் போனாரு. படிச்சிட்டிருந்தவரு அப்படியே பெட்டியில வச்சுக்கிட்டாரு போல. நாகப்பட்டினத்துக்காரரு.”

பரவாயில்லை தம்பி என்றேன். பெயர் எழுதினாரா என்று மட்டும் கேட்டேன்.

“எழுதிட்டாருக்கா. அஞ்சாவது பேரு.”